மென்பொருளும் மனமும்

தச்சனுக்கு உளியும் இழைப்புளியும் கருவிகள். கொல்லனுக்குச் சம்மட்டியும் துருத்தியும் கருவிகள். நெசவாளிக்குத் தறியும் நாடாவும் கருவிகள். தொழிலில் சிறந்தவர் எவரும் தம் கருவியின் இயல்பை நன்கு அறிந்திருப்பர். உளி எம்மரத்தில் எளிதாக இறங்கும், எம்மரத்தில் வழுக்கும் என்பதைத் தச்சன் அறிவான். வேலை தொடங்குமுன் அதனைச் சாணைக்கல்லில் தீட்டிக்கொள்ளவும் அவன் மறப்பதில்லை. தீட்டாத உளி மரத்தையும் கெடுக்கும். பிடித்த கையையும் காயப்படுத்தும்.

இக்காலத்தில் உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் மேற்கொண்டுள்ள தொழில்களுள் ஒன்று மென்பொருள் ஆக்கும் தொழில். அத்தொழிலுக்குரிய கருவி யாது? கணிப்பொறி என்று உடனே விடை கூறத் தோன்றும். சற்று எண்ணிப் பார்த்தால் அவ்விடை நிறைவானதன்று என்பது விளங்கும். தச்சனுக்கு மரம் எத்தகையதோ, மென்பொருளாளருக்குக் கணிப்பொறி அத்தகையது. வேலை அதன்மேல் நடைபெறுகிறது. வேலையைச் செய்யும் உளியோ அவருடைய மனமே. அம்மனத்தின் இயல்பை அறியத் துணைசெய்வது உளவியல். அதனை மழுங்காமல் காப்பது இடையறாத கல்வி. இவ்விரண்டும் இத்தொழிலில் எவ்வாறு பயன்படுகின்றன என்பதை இப்பாடத்தில் காண்போம்.

கணிப்பொறி தானாகச் சிந்தித்து நம் கருத்தை உணர்ந்துகொள்வதில்லை. 'இவ்வெண்ணை எடு, அதனோடு இதைக் கூட்டு, விடை நூற்றுக்கு மேற்பட்டால் இவ்வழியே செல்' என்று ஒவ்வொன்றையும் ஐயத்திற்கு இடமின்றி அதற்கு எழுதிக் கொடுத்தல் வேண்டும். அவ்வாறு எழுதும் கட்டளைத் தொடருக்கு நிரல் என்று பெயர். நிரல்கள் பல சேர்ந்து மென்பொருள் ஆகின்றன. புகைவண்டிக்குப் பயணச்சீட்டுப் பெறுவதும், வங்கியில் பணம் செலுத்துவதும், மருத்துவமனையில் நோயாளியின் குருதி ஆய்வைக் குறித்து வைப்பதும் இன்று மென்பொருளின் துணையால் நடைபெறுகின்றன. நிரலில் ஒரு குறி மாறினாலும் பயணி தம் இடத்தை இழக்கலாம். ஒருவர் பணம் மற்றொருவர் கணக்கில் சேரலாம். மருந்தின் அளவு தவறலாம். ஆதலின் நிரல் எழுதுவோர் முதலில் அறிய வேண்டுவது, மனம் எவ்வாறு பிழை செய்கிறது என்பதேயாகும்.

இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949ஆம் ஆண்டு மே மாதத்தில் எட்சாக் என்னும் கணிப்பொறி இயங்கத் தொடங்கியது. அதனை உருவாக்கிய குழுவிற்குத் தலைவராயிருந்தவர் மாரிஸ் வில்க்ஸ் என்னும் அறிஞர். பொறியை ஆக்கி முடித்த அவர், அதற்குரிய நிரலைத் தாமே எழுதிப் பார்த்தார். பிழை மேல் பிழை தோன்றியது. ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று தலைகாட்டியது. ஒருநாள் கணிப்பொறி இருந்த அறைக்கும், நிரலை நாடாவில் துளையிடும் அறைக்கும் இடையே படிக்கட்டில் செல்லுகையில், தம் வாழ்நாளில் எஞ்சியிருப்பதில் பெரும்பகுதி தம் நிரல்களிலுள்ள பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறது என்ற உண்மை தமக்குப் புலப்பட்டதாக அவர் பிற்காலத்தில் எழுதியுள்ளார். பொறியையே படைத்தவருக்கு இந்நிலை என்றால், நம்மைப் போன்றோர் பிழை செய்வதில் வியப்பு உண்டோ? பிழை செய்தல் மனித இயல்பு. அவ்வியல்பை ஒப்புக்கொண்டு, அதற்கேற்பத் தொழிலை அமைத்துக்கொள்வதே அறிவுடைமை.

மனத்தின் எல்லைகளுள் முதலாவது, அதன் கொள்ளளவு. மனம் ஒரே வேளையில் ஏறத்தாழ ஏழு செய்திகளையே பற்றி வைத்திருக்க வல்லது என்று அமெரிக்க உளவியலறிஞர் ஜார்ஜ் மில்லர் 1956ஆம் ஆண்டில் எழுதினார். அவ்வெண்ணிக்கை நான்கே எனப் பின்வந்த ஆய்வாளர் சிலர் கருதினர். நான்காயினும் ஏழாயினும் அது சிறிய அளவே. முன்பின் அறியாத தொலைபேசி எண்ணை ஒருமுறை கேட்டுவிட்டு எழுதிப் பாருங்கள். இவ்வுண்மை உங்களுக்கே விளங்கும். இதனை உணர்ந்த நிரலாளர், நூற்றுக்கணக்கான கட்டளைகளை ஒரே நீண்ட தொடராக எழுதிச் செல்வதில்லை. வேலையைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரிக்கிறார். ஒவ்வொரு பகுதிக்கும் அதன் செயலை விளக்கும் பெயர் சூட்டுகிறார். நாளை அதனைப் படிக்கப் போகின்றவரும் மனிதரே, அவருக்கும் மனம் சிறிது என்னும் இரக்கம் அவரிடம் உண்டு.

அங்ஙனமாயின், வல்லுநர் மட்டும் பெரிய நிரலையும் ஒரு பார்வையில் உணர்ந்துகொள்வது எங்ஙனம்? இவ்வினாவிற்குச் சதுரங்கப் பலகை விடை தருகிறது. வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்னும் இருவர் 1973இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உண்மையான ஆட்டம் ஒன்றின் நடுவே காய்கள் நின்ற நிலையை அவர்கள் ஐந்து நொடி மட்டும் காட்டினர். பின்னர் அதனை நினைவிலிருந்து அமைக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் ஏறத்தாழப் பதினாறு காய்களைச் சரியான இடத்தில் வைத்தார். புதியவர் நான்கு காய்களையே வைத்தார். அடுத்து, காய்களை ஓர் ஒழுங்குமின்றிப் பரப்பிக் காட்டினர். அப்போது தேர்ந்தவரும் புதியவரைப் போலவே தடுமாறினார்! தேர்ந்தவருக்குப் பிறவியிலேயே பெரிய நினைவாற்றல் வாய்க்கவில்லை என்பது இதனால் தெளிவாகிறது. பல ஆண்டுப் பயிற்சியால் காய்களைத் தனித்தனியாகக் காணாமல் கொத்துக் கொத்தாகக் காண அவர் பழகியிருந்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தை 'மரம்' என்பதில் மூன்று எழுத்துகளைக் காண்கிறது; நீங்கள் ஒரு சொல்லையே காண்கிறீர்கள். நிரலாளரின் திறமும் அத்தகையதே. அது வரமாக வருவதன்று, பயிற்சியால் வளர்வது.

மனத்தின் இரண்டாம் எல்லை மறதி. செருமானிய நாட்டு அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் மறதியை அளந்து பார்க்க முற்பட்டார். பொருளற்ற அசைகளைப் பட்டியலாக எழுதி, தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கிறது என்று குறித்து வந்தார். அம்முடிவுகளை 1885இல் நூலாக வெளியிட்டார். கற்றவற்றுள் பாதிக்கு மேற்பட்டது ஒரு மணி நேரத்திற்குள்ளேயே நழுவுகிறது என்பதையும், அதன்பின் மறதியின் விரைவு குறைகிறது என்பதையும் அவர் கண்டார். ஒரே நாளில் பலமுறை ஓதுவதைவிடப் பல நாட்களில் இடைவிட்டு ஓதுவது நன்கு நிலைக்கிறது என்பதும் அவர் கண்ட உண்மை.

மறதியை வெல்லும் வழி ஒன்றும் ஆய்வினால் தெரியவந்துள்ளது. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் கல்லூரி மாணவர்களைக் கொண்டு செய்த ஆய்வை 2006இல் வெளியிட்டனர். ஒரு பகுதியினர் ஓர் உரைப்பகுதியைப் படித்து, அதனையே மீண்டும் படித்தனர். மற்றொரு பகுதியினர் ஒருமுறை படித்து, உரையை மூடி வைத்துவிட்டு, நினைவில் உள்ளதை எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது மீண்டும் படித்தவரே முந்தினர். ஒரு வாரம் சென்றபின் நிலைமை மாறியது. மீண்டும் படித்தவர் நூற்றுக்கு 42 பங்கும், எழுதிப் பார்த்தவர் 56 பங்கும் நினைவு கூர்ந்தனர். எளிதாகத் தோன்றும் படிப்பு விரைவில் அகல்கிறது. முயன்று நினைவு கூர்ந்த படிப்பு நிலைத்து நிற்கிறது. ஆதலின் புதிய நிரல்மொழி ஒன்றைக் கற்க விரும்புவோர், பிறர் எழுதிய நிரலைக் கண்ணால் கண்டு மகிழ்வதோடு அமைதல் கூடாது. நூலை மூடிவிட்டுத் தாமே எழுதுதல் வேண்டும், தடுமாறுதல் வேண்டும், சில நாள் கழித்து மீண்டும் எழுதிப் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது எல்லை மிக நுட்பமானது. மிகவும் கேடு விளைப்பதும் அதுவே. மாணவர்களே! இரண்டு, நான்கு, ஆறு என்னும் மூன்று எண்கள் ஒரு விதிக்கு இணங்கியவை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்விதி யாது என நீங்கள் கண்டுபிடித்தல் வேண்டும். நீங்கள் விரும்பும் மூன்று எண்களைச் சொல்லலாம். அவை விதிக்கு இணங்குமா இணங்காவா என்று உங்களுக்குக் கூறப்படும். நீங்கள் என்ன எண்களைச் சொல்வீர்கள்? எட்டு, பத்து, பன்னிரண்டு என்பீர்கள். 'இணங்கும்' என்னும் விடை வரும். இருபது, இருபத்திரண்டு, இருபத்துநான்கு என்பீர்கள். அதற்கும் அதே விடை. 'இரண்டிரண்டாக ஏறும் எண்கள்' என்பதே விதி என்று துணிந்து கூறுவீர்கள். அது தவறு! ஏறுவரிசையில் அமைந்த எம்மூன்று எண்களும் பொருந்தும் என்பதே அவ்விதி. ஒன்று, ஏழு, ஐம்பது என்று ஒருமுறை சொல்லிப் பார்த்திருந்தால் உண்மை வெளிப்பட்டிருக்கும்.

இச்சோதனையை இலண்டனில் நடத்திய பீட்டர் வேசன் என்னும் உளவியலறிஞர் 1960இல் அதன் முடிவை வெளியிட்டார். பங்குகொண்டவருள் பெரும்பாலோர் முதலில் தவறான விதியையே கூறினர். அவர்கள் அறிவிற் குறைந்தவர் அல்லர். தம் கருத்தை மெய்ப்பிக்கும் சான்றுகளையே தேடினர். அதனைப் பொய்ப்பிக்கக்கூடிய சான்றைத் தேடவில்லை. நிரல் எழுதியவர் அதனைச் சோதிக்கும்போது நிகழ்வதும் இதுவே. எவ்வெண்களைக் கொடுத்தால் நிரல் ஓடும் என்று அவர் மனம் அறியுமோ, அவ்வெண்களையே கைகள் தாமாகக் கொடுக்கின்றன. பிழை செய்த மனமே பிழையை மறைக்கும் திரையாகவும் ஆகிவிடுகிறது. சுழியைக் கொடுத்தால் என்னாகும்? பெயரே இல்லாத விண்ணப்பம் வந்தால் என்னாகும்? மிகப் பெரிய எண் வந்தால் என்னாகும்? இவ்வாறு தம் படைப்பையே வீழ்த்த முயல்கின்றவரே நல்ல நிரலாளர்.

தம் திரையைத் தாமே விலக்குவது எல்லார்க்கும் எல்லா வேளையிலும் இயல்வதன்று. ஆதலின் பிறர் கண் தேவைப்படுகிறது. அமெரிக்கரான ஜெரால்டு வெயின்பர்க் என்பவர் 1971இல் நிரலாளரின் உளவியல் பற்றித் தனி நூல் ஒன்று எழுதினார். நிரலைத் 'தான்' என்றே கருதுகின்றவர் அதில் குறை கூறப்படுவதைப் பொறார். நிரல் வேறு, தாம் வேறு என்று உணர்ந்தவர் குறை கூறுவோரை வரவேற்பார் என்பது அவர் வற்புறுத்திய கருத்து. நிரலைப் பலர் கூடிப் படித்துப் பார்க்கும் வழக்கம் பின்னர்ப் பல நிறுவனங்களில் வேரூன்றியது.

இளைஞர் இருவர் ஒரே நாளில் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தனர் என்று கொள்வோம். முதல் மாதத்திலேயே இருவரும் பிழை செய்தனர். ஒருவர், 'என்னை அறிவிலி என்பார்களே' என்று அஞ்சி, அதனை மறைத்து, இரவெல்லாம் விழித்துத் தனியே திருத்த முயன்றார். சோர்வினால் மற்றும் இரண்டு பிழைகள் புகுந்தன. மற்றவரோ மூத்தவரிடம் சென்று, 'ஐயா, இவ்விடத்தில் தவறிவிட்டேன். தாங்கள் பார்த்துச் சொல்லுங்கள்' என்றார். மூத்தவர் அரை மணியில் பிழையைக் காட்டியதோடு, தாம் முன்னர் அவ்வாறே தவறிய கதையையும் கூறினார். அன்று அவ்விளைஞர் ஒரு பாடத்தைக் கற்றார். ஒரு துணையையும் பெற்றார். பத்தாண்டு கடந்தபின் இவ்விருவரும் ஒரே உயரத்தில் நிற்பாரோ? முதல் நாளில் அவர்களிடையே இருந்த வேறுபாடு அறிவில் இல்லை. 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்லும் துணிவிலேயே இருந்தது.

ஒருமுறை கற்றதையே நம்பி அமர்ந்துவிடுவதால் விளையும் கேட்டை உலகம் 1996ஆம் ஆண்டு சூன் 4ஆம் நாள் கண்டது. ஐரோப்பிய நாடுகள் கூடி உருவாக்கிய ஏரியான் 5 என்னும் ராக்கெட் அன்று பிரெஞ்சுக் கயானாவிலிருந்து முதன்முறையாக ஏவப்பட்டது. ஏறத்தாழ நாற்பது நொடிகளில் அது வழி விலகி, உடைந்து, வெடித்துச் சிதறியது. அதிலிருந்த நான்கு செயற்கைக்கோள்களும் அழிந்தன. நற்பேறாக அதில் மனிதர் எவரும் இலர். ஆய்வுக் குழுவினர் காரணத்தைத் தேடிக் கண்டனர். முன்னைய ஏரியான் 4க்கு எழுதப்பட்ட நிரற்பகுதி ஒன்று புதிய ராக்கெட்டிலும் அப்படியே வைக்கப்பட்டிருந்தது. புதியது பழையதைவிடப் பக்கவாட்டில் விரைவாக வேகம் கொள்வது. அவ்வேகத்தைக் குறித்த எண், நிரலில் அதற்கு ஒதுக்கப்பட்டிருந்த சிறிய இடத்தில் அடங்கவில்லை. வழிகாட்டும் கருவி செயலற்றது. துணைக்கருவியிலும் அதே நிரல் இருந்தமையால் அதுவும் செயலற்றது. பழைய ராக்கெட்டில் அந்நிரல் நன்றாகவே இயங்கியது. 'நேற்றுச் சரியாக இருந்தது. இன்றும் சரியாகவே இருக்கும்' என்னும் எண்ணமே ஆராயப்படாமல் போயிற்று.

நேற்றைய அறிவை இன்று மீண்டும் ஆராய்ந்து, புதியதைக் கற்றுக்கொண்டே வாழ்ந்தவர் ஒருவரை இனிக் காண்போம். அமெரிக்கப் பெண்மணியாகிய கிரேஸ் ஹாப்பர் 1906இல் பிறந்தவர். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றுக் கல்லூரியில் பேராசிரியராக விளங்கியவர். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் சேர்ந்தார். 1944இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்த மார்க் 1 என்னும் பெருங் கணிப்பொறியின்முன் நின்றபோது அவருக்கு வயது முப்பத்தேழு. பேராசிரியராக இருந்தவர் மீண்டும் மாணவியானார். அதுவரை எவரும் கற்றுத் தராத தொழிலைத் தாமே பயின்றார்.

அந்நாளில் நிரலாளர் ஒவ்வொரு கட்டளையையும் கணிப்பொறிக்கு விளங்கும் குறிகளாகவே எழுதி வந்தனர். அவ்வேலையின் ஒரு பகுதியைக் கணிப்பொறியிடமே ஒப்படைக்கலாம் என்று ஹாப்பர் எண்ணி, 1952இல் அதற்கென ஒரு நிரலை உருவாக்கினார். கணிப்பொறி கணக்கு மட்டுமே செய்யும் என்று கூறிப் பலர் அதனை நம்ப மறுத்தனர். அவர் தளரவில்லை. வணிகத்திற்கென 1959இல் வகுக்கப்பட்ட கோபால் என்னும் நிரல்மொழிக்கு, அவர் முன்னர் உருவாக்கிய மொழியே பெரிதும் அடிப்படையாயிற்று. 1966இல் அவர் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டே மீண்டும் அழைக்கப்பட்டார். இறுதியாக 1986இல் விடைபெற்றபோது அவருக்கு வயது எழுபத்தொன்பது. 'எப்போதும் இப்படித்தான் செய்து வருகிறோம்' என்னும் பேச்சை அவர் வெறுத்தார். அதனை நினைவூட்டவே, முட்கள் எதிர்த்திசையில் சுழலும் கடிகாரம் ஒன்றைத் தம் அறைச் சுவரில் மாட்டியிருந்தார். அக்கடிகாரமும் நேரத்தைச் சரியாகவே காட்டியது!

கற்றதைக் கற்பிப்பதிலும் அவர் வல்லவர். நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு என்பது எவ்வளவு சிறிது என்று கேட்போருக்கு, ஓர் அடிக்குச் சற்றுக் குறைந்த கம்பித்துண்டு ஒன்றைக் கையில் கொடுப்பார். அச்சிறு பொழுதில் மின்குறி கடக்கக்கூடிய மிக நீண்ட தொலைவு அவ்வளவே. பிறர்க்கு விளங்கும்படி கூற முயல்கின்றவர், தாம் கற்றதை மீண்டும் ஒருமுறை தெளிவாகக் கற்றவராகிறார் அன்றோ?

இந்நாளில் நிரலைத் தாமே எழுதித் தரும் செயற்கை அறிவுக் கருவிகள் தோன்றியுள்ளன. 'இனி நாம் கற்பது எதற்கு?' என்று சிலர் வினவுகின்றனர். அக்கருவி தரும் நிரலும் பிழையுடையதாக இருக்கலாம். பிழையுள்ள நிரலும் காண்பதற்கு அழகாகவே இருக்கும். அதனை ஏற்பதா விலக்குவதா என்று தீர்ப்பவர் மனிதரே. தாம் விரும்பிய விடை வந்ததும் மகிழ்ந்து ஏற்றுக்கொள்வாராயின், இரண்டு, நான்கு, ஆறு என்னும் எண்களில் தவறியவரைப் போலவே அவரும் தவறுவார். கருவி வலிமை பெறும்தோறும் அதனைக் கையாளும் மனமும் கூர்மை பெறுதல் வேண்டும்.

மாணவர்களே! நீங்கள் நாளை மென்பொருள் துறையில் புகலாம். வேறு துறையிலும் புகலாம். எத்துறையாயினும் மனமாகிய கருவி ஒன்றே. அதனைத் தீட்டும் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள். அன்றன்று கற்றதை நூலை மூடிவிட்டு எழுதிப் பாருங்கள். செய்த பிழைகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி, ஒரு வாரம் கழித்து மீண்டும் பாருங்கள். பெரிய வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரியுங்கள். உங்கள் விடை சரி என்று தோன்றும்போது, அது தவறாக இருக்க வழியுண்டா என்று ஒருமுறை தேடுங்கள். களைத்த மனத்திற்கு உறக்கம் கொடுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல நாணாதீர்கள். கேம்பிரிட்ஜ் படிக்கட்டில் நின்ற அறிஞர் அன்று உணர்ந்த உண்மை நம் அனைவருக்கும் உரியது. வாழ்நாளில் ஒரு பகுதி நம் பிழைகளைத் தேடுவதில் கழியத்தான் போகிறது. அத்தேடலே கல்வி என்று கொண்டவர்க்கு, அக்காலம் வீணாவதில்லை.

வினாக்கள்

1. மென்பொருளாளரின் கருவி மனமே என்று ஆசிரியர் கூறுவது ஏன்?

2. சதுரங்க ஆய்வினால் தேர்ந்தவரின் நினைவாற்றலைப் பற்றி நாம் அறிவது யாது?

3. இரண்டு, நான்கு, ஆறு என்னும் எண்களைக் கொண்ட சோதனையை விளக்கி, நிரலைச் சோதிப்பதற்கு அது தரும் பாடத்தை எழுதுக.

4. ஏரியான் 5 அழிந்தமைக்குக் காரணம் யாது? அதிலிருந்து நீவிர் அறியும் நீதி யாது?

5. கிரேஸ் ஹாப்பரின் வாழ்க்கை இடையறாத கல்விக்கு எவ்வாறு எடுத்துக்காட்டாகிறது?

6. நீங்கள் அண்மையில் செய்த பிழை ஒன்றையும், அதனால் கற்றதையும் பத்து வரிகளில் எழுதுக.